அரவு விடுபட்ட காலை

முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று குணலட்சுமி வேலிப் படலையடியில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். நாகலிங்கம் 'கொஞ்சம் பொறு' என்று கை காட்டிவிட்டுத் திரும்பவும் குசினிக்குள் போனார். சுவரில் மருமகள் பிரசாந்தி மாட்டியிருந்த வெள்ளைப் பலகையை ஈரத் துணியால் துடைத்தார். நீலப் பேனையை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக எழுதினார்.

"இண்டக்கு கடலுக்கு பொக வேண்டம்."

ஓரடி பின்னால் நின்று பார்த்தார். அவருடைய கண்ணுக்கு அது சரியாகவே இருந்தது. 'இண்டைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்.' மகன் சிவகரன் எழும்பித் தேத்தண்ணி குடிக்க வரும்போது இதைப் பார்க்காமல் போகமாட்டான். உள்ளே அவன் அயர்ந்து தூங்கும் மூச்சுச் சத்தம் கேட்டது. எழுப்பிச் சொல்லக் குரல் இல்லை. உலுப்பி எழுப்பிக் கையால் காட்டி விளங்கப்படுத்தத் தொடங்கினால் பஸ் போய்விடும். பேனையை மூடிவைத்துவிட்டு மனைவியோடு நடந்தார்.

ஆடி மாதம் தொண்டையில் புற்று என்று சொல்லி, உயிரைக் காப்பாற்றுவதற்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவருக்குக் கழுத்தடியில் காசளவில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான் போய்வந்தது. அலையிரைச்சலுக்கு மேலால் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கக் கூப்பிட்ட மனிதர், வாயைத் திறந்தால் காற்றுக்கூட வரவில்லை. "இனி வள்ளத்திலை ஏறவே கூடாது. ஒரு தூவானம் உதுக்குள்ளை போனாலும் நேரை நெஞ்சுக்குள்ளைதான் போகும்" என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதைவிடப் பெரிய கரைச்சல் எழுத்து. நாகலிங்கம் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தகப்பனோடு கடலுக்குப் போனவர். கையெழுத்துப் போடுவார். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஊரை ஊகிப்பார். ஐம்பத்தெட்டு வயதுவரை அதற்குமேல் எழுத்து அவருக்குத் தேவைப்படவில்லை. இப்போது ஒரு வாய் தண்ணீர் கேட்பதற்கும் எழுதவேண்டியிருந்தது. ஒருநாள் பால் வேண்டும் என்று நினைத்துப் 'பல்' என்று எழுதினார். குணலட்சுமி பற்பசையைக் கொண்டுவந்து நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேனையை எடுத்து முற்றத்தில் வீசினார்.

பிரசாந்தி முன்பள்ளியில் படிப்பிப்பவள். அவள் சிரிக்கவில்லை. வீசிய பேனையைத் தேடி எடுத்துவந்து, "இதிலை ஒரு அரவு போட்டால் பால் மாமா. கதைக்கேக்கை இழுக்கிறியள்தானே? அந்த இழுவைக்குத்தான் அரவு" என்று பானாவுக்குப் பக்கத்தில் கோடிழுத்துக் காட்டினாள். அன்றிலிருந்து பின்னேரங்களில் பாடம் நடந்தது. நாகலிங்கம் அரை மனதோடுதான் இருந்தார். பேத்தி வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில் மருமகள் தனக்கும் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. குற்றுப் போடு, கொம்பு போடு என்று அவள் சொல்லச் சொல்ல, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிவிடுவார். முந்தநாள் அவர் 'மருந்து வேணும்' என்று எழுதியபோது அவள் திருத்தினாள்.

"கதைக்கிறமாதிரி எழுதக்கூடாது மாமா. வேணும் இல்லை, வேண்டும். ணானாவிலை குற்று, பிறகு டு."

அவர் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கழுத்துக் குழாயைத் துப்பரவு செய்து அனுப்பும்போது, வெயில் ஏறவேண்டிய நேரத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நேற்றுப் பின்னேரமே அவர் இதை எதிர்பார்த்திருந்தார். காற்று ஒரு சொட்டும் இல்லாமல், கரையில் அலை மட்டும் பாரமாக, ஆறுதலாக விழுந்துகொண்டிருந்தது. நீரோட்டம் வழமைக்கு மாறாகக் கிழக்கே இழுத்தது. வானிலை அறிக்கையில் காற்று இன்று பின்னேரத்துக்குப் பிறகுதான் என்றார்கள். சிவகரன் அதை நம்பி, வள்ளத்தில் தன்னோடு தொழில் செய்யும் கொழும்புத்துறை றெஜியோடு விடியப் போய் வலையை எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்கு முன்னம் வந்துவிடலாம் என்றிருந்தான். "அப்பா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்றும் கேட்டான். விடியப் பார்த்துச் சொல்கிறேன் என்று நாகலிங்கம் கையால் காட்டினார். பார்த்தார். எழுதியும் வைத்துவிட்டார்.

தொண்டைமானாற்றுப் பாலத்தில் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது. பெண்கள் யன்னல்களை இழுத்து மூடினார்கள். குணலட்சுமி பயந்து அவருடைய கையைப் பிடித்தாள். அவர் அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தார். வள்ளம் கரையில் பத்திரமாகக் கிடக்கும் என்ற நினைப்பு அவருக்கு.

வல்வெட்டித்துறையில் இறங்கியதும் ஒழுங்கையால் கடல் தெரியும். அவர்களுடைய வள்ளம் நிற்கும் இடத்தில் மணல் மட்டும் இருந்தது.

வீட்டுக்கு ஓடினார். ஓட்டத்தில் கழுத்துத் துளை சீறியது. பிரசாந்தி வாசலிலேயே கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றாள்.

"எடுக்கிறன் எடுக்கிறன், போகுதில்லை மாமா. அவரும் றெஜியும் விடியவே போட்டினம்."

நாகலிங்கம் அவளைத் தள்ளாத குறையாக உள்ளே போய்ப் பலகையில் கையால் ஓங்கி அடித்தார். பிரசாந்தி பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஓம், நீங்கள்தானே எழுதி வச்சனீங்கள்? போக வேண்டும் எண்டு..."

அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"வேண்டும் எண்டுதானே, மாமா? நான் முந்தநாள் சொல்லித்தந்தது. டுனாவை டானா எண்டு விட்டிட்டீங்கள் எண்டு நான்தான் அவருக்கும்..." அவளுடைய வாய் அப்படியே நின்றது. "வேண்டாமோ?"

அவர் பேனையைப் பறித்து, அந்த டவுக்குப் பக்கத்தில் பலகை கீறும்படி ஒரு கோடு இழுத்தார். பேனையின் முனை உள்ளே போய்விட்டது. குணலட்சுமி சுவரோடு சாய்ந்து கீழே இருந்தாள்.

கடற்கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மற்ற வள்ளங்கள் அரைவாசி போகவேயில்லை. போனவை காற்றுக்கு முன்னால் ஓடிவந்து சேர்ந்துவிட்டன. சிவகரனுடைய வள்ளம் மட்டும் இல்லை. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் சோமசேகரம் மழைச்சட்டையைப் போட்டபடி யாரோடோ தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

"நேவிக்குச் சொல்லியாச்சு. எந்தப் பக்கம் எண்டு கேக்கிறாங்கள். ஆருக்காவது தெரியுமோ அவன் எங்கை வலை விட்டவன் எண்டு?"

ஒருவருக்கும் தெரியாது. அது நாகலிங்கம் இளவயதில் கண்டுபிடித்து, தன்னோடு வைத்திருந்த பார். கடலுக்கடியில் கல் மேடு; மேலே மீன் அடையும். வெளியாருக்குச் சொன்னதில்லை. இரண்டு கிழமைக்கு முதல்தான் மகனுக்குக் காட்டிக்கொடுத்தார். கரையில் நின்று விரல் நீட்டி, மணலில் கீறி, ஒரு பின்னேரம் முழுக்கப் பாடுபட்டுத்தான் அவனுக்கு விளங்கவைத்தார். இப்போது அந்தப் பின்னேரத்தில் கால்வாசி நேரமும் இல்லை.

சிவகரனோடு படித்த கஜானன் தன்னுடைய வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு நின்றான். இன்னொரு வள்ளமும் ஆயத்தமாக நின்றது.

"இடத்தைச் சொல்லுங்கோ ஐயா. கெதியா."

நாகலிங்கம் கடலைக் காட்டினார். கை காட்டிய திசையில் அடிவானம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. வாயை அசைத்தார். எல்லோரும் அவருடைய உதட்டைப் பார்த்தார்கள்.

"மல... மலை எண்டுறாரோ?"

"இல்லை, பல."

"கோபுரம் எண்டமாதிரியும் கிடக்கு."

அவர் வள்ளத்தை நோக்கி நடந்து அதன் முன் அணியத்தில் கை வைத்தார். தானே போய்க் காட்டிவிடுகிறேன் என்பதுதான் எண்ணம். குணலட்சுமி பின்னாலிருந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "உங்களையும் சேத்து நான் பறிகுடுக்கோணுமோ!" என்று கத்தினாள். ஒரு அலை வந்து அணியத்தில் மோதிச் சிதறியது. தூவானத்துக்கு அவர் தன்னையறியாமல் கழுத்தைப் பொத்திக்கொண்டார். கஜானன் அதைக் கண்டு அவருடைய கையை வள்ளத்திலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான்.

பிரசாந்தி பலகையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தாள். வேறு பேனை. நாகலிங்கம் முழங்காலில் பலகையை வைத்து வேகமாக எழுதினார். எழுதி நிமிர்த்திக் காட்டினார்.

"கொபரம் பள டவர் ஒர நெர பர வெளி."

"கோபுரம்... டவர்... ஒரு நேர்..." பிரசாந்தி வாசித்தாள். "பார்! பாருக்கு வெளியாலை. அப்பிடியோ மாமா?"

ஓம் என்று தலையாட்டினார்.

"கடலிலையிருந்து பாக்க அம்மன் கோயில் கோபுரமும் டவரும் ஒரே நேரிலை தெரியவேணும்" என்றார் சோமசேகரம். "எந்த டவர்? இப்ப ரெண்டு நிக்குதல்லோ."

"பள எண்டு போட்டிருக்கிறார். பள்ளி டவர்! பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை நிக்கிறது!" கஜானன் சொல்லிக்கொண்டே திரும்பித் தண்ணீருக்குள் ஓடினான்.

நாகலிங்கம் இல்லை என்று தலையை ஆட்டினார். கஜானன் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். மற்றவர்களும் அவனைத்தான் பார்த்தார்கள். நாகலிங்கம் கையைத் தட்டினார். காற்று அதைத் தின்றுவிட்டது. எஞ்சின் கயிற்றை அவன் இழுக்கிறான். பள்ளிக்கூடத்து டவரை வைத்துப் போனால் அவன் மைல்கணக்கில் மேற்கே போய்விடுவான். வாயைப் பிளந்து, நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். கழுத்துத் துளையால் வெறும் மூச்சுத்தான் வந்தது. காலடியில் கிடந்த வெறும் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கி எறிந்தார். அது கஜானனின் தோளில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது.

அவன் கோபத்தோடு திரும்பினான். "என்ன ஐயா இது!"

"பள்ளி இல்லையாம், நில்லு!" என்று பிரசாந்தி கத்தினாள். அவள் மாமனாருக்கு முன்னால் மணலில் முழங்காலில் இருந்தாள். மழை இறங்கிவிட்டது. பலகையில் இருந்த எழுத்துகள் நீலமாக வழிந்தன. அவள் பலகையை எறிந்துவிட்டு ஈர மணலைக் கையால் தடவி மட்டமாக்கினாள். "இதிலை எழுதுங்கோ. ஆறுதலா. ஒவ்வொரு எழுத்தா. நான் சத்தத்தைச் சொல்லுறன், சரியெண்டால் தலையாட்டுங்கோ."

அவர் விரலால் எழுதினார். ப.

"பானா."

அடுத்த எழுத்தில் விரல் நின்றது. தலைக்குள் அந்தச் சொல் தெளிவாகக் கேட்டது. நாக்கு உள்ளே மடங்குவதையும் உணர்ந்தார். ஆனால் அந்த மடங்கலுக்கு எந்த எழுத்து? அவள் மூன்று லகரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டிய பின்னேரம் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். ஒன்று சுழித்துக்கொண்டு வரும். ஒன்று அகலமாக நிற்கும். மற்றது... மற்றதுக்குக் கீழே ஏதோ தொங்கும். மேலே யாரோ "நேரம் போகுது, நேரம் போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

"எனக்குச் சொல்லுமாப்போலை வாயை அசையுங்கோ" என்றாள் பிரசாந்தி. அவளுடைய முகத்தில் மழை ஓடியது. "நாக்கு எங்கை போகுது? மேலை முட்டுதோ, முட்டாமல் வளையுதோ?"

முட்டவில்லை. அவர் வளைத்துக் காட்டினார். பிறகு, அவள் ஒன்றும் சொல்வதற்கு முதல், விரல் தானாக இறங்கியது. ஒரு நேர்க்கோடு, ஒரு வளைவு, அடியில் சுழித்து இடப்பக்கம் போகும் வால். கோணலாக, பெரிதாக வந்தது.

ழ.

"ழானா!" பிரசாந்தி அலறினாள். அடுத்த எழுத்தை அவர் எழுதும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. "பழய... பழைய டவர்! கிழக்காலை துருப்பிடிச்சு நிக்கிறது! அதுதானோ மாமா?"

நாகலிங்கம் இரண்டு கையாலும் மணலில் அடித்து ஓம் ஓம் என்று தலையை ஆட்டினார்.

கஜானனின் வள்ளம் திரும்பிக் கிழக்கே பாய்ந்தது. மற்றதும் பின்னால் போனது. சோமசேகரம் தொலைபேசியில் கடற்படைக்கு அதே இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு செய்ய ஒன்றுமில்லை. குணலட்சுமி வீட்டுக்குப் போக மறுத்து, கவிழ்த்துக் கிடந்த ஒரு வள்ளத்தின் கீழ் குந்தியிருந்து அம்மனைக் கூப்பிட்டாள். நாகலிங்கம் துவாயால் கழுத்தை மூடிக்கொண்டு நின்றார். கொழும்புத்துறையிலிருந்து றெஜியின் மனைவி பிரசாந்திக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் சொன்னது பக்கத்தில் நின்ற அவருக்கும் கேட்டது. "உங்கடை மாமா போகச்சொல்லி எழுதி வச்சவராம் எண்டு கதைக்கினம், உண்மையோ அக்கா?" பிரசாந்தி அவரைப் பார்த்தாள். அவருக்கு அந்தப் பார்வையைத் தாங்கமுடியவில்லை. தண்ணீர்க் கரையோரமாக எட்டி நடந்தார். 'வேண்டம்' என்ற சொல் கண்ணுக்குள்ளேயே நின்றது. அரவைத் தான் எழுதியதாகவே அவருக்கு இப்போதும் நினைப்பு. எழுதவில்லை. அதை எழுதாத கைதான் மகனை அனுப்பியது.

மழை விட்டு, காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்த பின்னேரத்தில் யாரோ கத்தினார்கள். இரண்டு வள்ளங்கள் வந்தன. மூன்றாவது இல்லை. நாகலிங்கம் இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டார். யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள். கஜானனின் வள்ளத்தில் சிவகரன் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம்பாரித்து, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அவனுடைய மடியில் றெஜி கிடந்தான். கையில் சாரத்தைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். எஞ்சின் நின்று, வள்ளம் பாருக்குப் பக்கத்தில் கவிழ்ந்ததாம். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் மிதந்திருக்கிறார்கள். அலை தூக்கிப் போட்டபோது றெஜியின் கை எஞ்சினுக்கும் வள்ளத்துக்கும் இடையில் அகப்பட்டுவிட்டது. "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் றெஜி பிடியை விட்டிருப்பான், ஐயா" என்றான் கஜானன்.

வள்ளமும் வலையும் போனது போனதுதான். றெஜிக்கு இரண்டு விரல் போய்விட்டது.

அடுத்தநாள் நாகலிங்கம் சாப்பிடவில்லை. பலகையைத் திரும்பவும் ஆணியில் மாட்டி, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். சிவகரன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நிலத்தில் இருந்தான்.

"அப்பா, அவளை ஏசாதேங்கோ. விடிய உந்தப் பலகையை முதல் பாத்தது நான்தான்." அவன் தலையைத் தூக்கவில்லை. "பாத்த உடனை எனக்குச் சந்தேகம் வந்தது. வேண்டாமோ, வேண்டுமோ எண்டு. உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டால் நீங்கள் கதைக்கமாட்டியள், அம்மாவிட்டைக் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. வலையிலை மீன் கிடக்கு எண்டு மனம் சொல்லிச்சு. அவளைக் கூப்பிட்டு, இது வேண்டும்தானே எண்டு கேட்டன். அவள் ஓம் எண்டாள். நான் எனக்குப் பிடிச்சமாதிரி வாசிச்சிட்டன் அப்பா."

நாகலிங்கம் எழும்பிப்போய் அவனுடைய தலையில் கை வைத்தார். திரும்பிக் குசினி வாசலைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். பிரசாந்தி கையைத் துடைத்துக்கொண்டு பயந்தபடி வந்தாள். அவர் கதிரையைப் பலகைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு, பேனையை அவளிடம் நீட்டினார். தொடங்கு என்று கண்ணால் காட்டினார்.

அன்றிலிருந்து அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பவில்லை. பிரசாந்தி முன்பள்ளியிலிருந்து வந்ததும் பாடம். அவள் இல்லாத நேரத்தில் வானொலிச் செய்தியைப் போட்டுவிட்டு, வாசிப்பவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் எழுதுவார். பின்னேரம் அவள் சிவப்புப் பேனையால் திருத்துவாள். முதல் நாட்களில் தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தது. அவர் அந்தத் தாள்களைக் கிழிக்கவில்லை. பிழைத்த சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப எழுதினார். எழுதிய எதையும் உடனே காட்டமாட்டார். வாயசைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்த்துவார். ண, ன இரண்டும் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. அவற்றில் பிழைவிட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் வேலியோரமாக ஒருமுறை நடந்துவிட்டு வந்து திரும்ப இருப்பார்.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் கொழும்புத்துறைக்குப் பஸ்ஸில் போனார். றெஜியின் வீட்டு விறாந்தையில் இருந்து, அந்தக் காலையில் நடந்ததைத் தானே எழுதி மடித்து வைத்திருந்த தாளை அவனுடைய மனைவியிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே வாசித்தாள். அதில் ஆறேழு வரிதான் இருந்தது. பாதியில் அவள் உள்ளே போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டுவந்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பங்குனியில் சங்கத்தின் உதவியோடு பழைய வள்ளம் ஒன்றை வாங்கினார்கள். சிவகரன் திரும்பவும் கடலுக்குப் போனான். முதல்நாள் நாகலிங்கம் கைத்தொலைபேசியோடு கடற்கரையில் நின்றார். வெயில் ஏறி, காற்று கொஞ்சம் திரும்பியது. பெரிய காற்றில்லை. ஆனாலும் அவருடைய விரல் தானாக எழுத்துகளைத் தேடியது. ஒவ்வொன்றாக அழுத்தி, முழுவதையும் இரண்டுமுறை வாசித்துவிட்டு அனுப்பினார்.

"காற்று மாறுகிறது. வலையை ஏற்றிக்கொண்டு திரும்பு."

கொஞ்சநேரம் பதில் இல்லை. பிறகு தொலைபேசி அதிர்ந்தது.

"ஓம் அப்பா வாரன்."

நாகலிங்கம் அதைப் பார்த்தார். முகத்தைச் சுழித்தார். கடற்கரையில் நின்றபடியே, குனிந்து, திரும்பவும் எழுத்துகளை அழுத்தினார்.

"வாறன். பெரிய றானா."

பதிலுக்கு ஒரு சிரிக்கிற முகம் வந்தது. அவர் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார்த்தபடி நின்றார்.